லாலிபெலாவா, கோண்டர்–சிமியனா? பாட்டி, பசங்களோட எத்தியோப்பிய மலைப்பக்கம் போறவங்களுக்கு

எத்தியோப்பியா வடக்கு மலைப்பக்கம்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல லாலிபெலா லாலிபெலான்னுதான் சொல்லுவாங்க, பாறைல வெட்டுன சர்ச் இருக்கே அந்த ஊரு. நாங்க 2018 அக்டோபர்ல போனோம், நானும் வீட்டுக்காரரும், 9 வயசு பொண்ணு, 6 வயசு பையன், 67 வயசுல முட்டிவலியோட எங்க மாமியார். லாலிபெலா ஒரு பக்கம், கோண்டரும் அதை ஒட்டி சிமியன் மலையும் இன்னொரு பக்கம்னு ரெண்டையும் பாத்தோம். லீவு கம்மி, ஒண்ணுதான் முடியும்னா எதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதுக்குத்தான் இது.

முதல்ல ஒரு விஷயம். ரெண்டுமே அம்ஹாரா பகுதிலதான் இருக்கு. 2020 நவம்பர்ல பக்கத்து திக்ராய் பகுதில ஆரம்பிச்ச போர் லாலிபெலா வரைக்கும் வந்துச்சு, அது 2022 நவம்பர்ல ஓய்ஞ்சு, மறுபடி 2023 ஆகஸ்ட்லருந்து அம்ஹாராலயே ராணுவத்துக்கும் ஃபானோங்கிற உள்ளூர் ஆயுதப் படைக்கும் சண்டை. நாங்க போனப்ப இருந்த நிலைமை வேற. அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நம்ம வெளியுறவுத்துறை, அடிஸ் அபாபால இருக்கிற இந்திய தூதரகம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, குழந்தைங்களை வச்சுக்கிட்டு ரோட்டுல போற ரிஸ்க் மட்டும் எடுக்கவே வேண்டாம்.

சரி, லாலிபெலா. கழுகுமலை வெட்டுவான் கோயில் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், பாறையை மேலருந்து கீழ வெட்டிக்கிட்டே போயி உள்ள இருக்கிற கோயிலை வெளிய எடுக்கிற வேலை. வெட்டுவான் கோயில் பாதிலயே நின்னுபோச்சு, இங்க 11 சர்ச் இருக்கு, சுமார் 800 வருஷமா வழிபாடு நடந்துக்கிட்டே இருக்கு. அதுதான் பெரிய விஷயம், இது மியூசியம் இல்ல. விடிகாலைல போனா வெள்ளை நெட்டலா துணி போத்திக்கிட்டு சனங்க சுவத்துல நெத்தியை வச்சு நின்னு வேண்டிக்கிட்டு இருப்பாங்க, உள்ள மத்தளம் சத்தம். அத்தை ஒரு தூண் பக்கத்துல போயி உக்காந்தாங்க, ஒரு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. வேற மதம், வேற பாஷை, ஆனா செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள போறதுலருந்து எல்லாமே அவங்களுக்கு பழகின மாதிரி இருந்துச்சு.

ஆனா கஷ்டமும் உண்டு. படி எல்லாம் தேஞ்சு வழவழன்னு ஏறுக்குமாறா இருக்கும், ஒரு சர்ச்லருந்து இன்னொண்ணுக்கு குறுகலான வெட்டுப்பள்ளத்துல இறங்கி ஏறி போகணும், முட்டிவலிக்காரங்களுக்கு ஒரே நாள்ல எல்லாம் ஆகாது. சிலுவை வடிவத்துல இருக்கே கியோர்கிஸ் சர்ச், அதை மேல பாறைல நின்னே முழுசா பாக்கலாம், பாட்டி தாத்தாவுக்கு அதுவே போதும். ஆனா அந்த விளிம்புல கம்பி கிம்பி எதுவும் கிடையாது, கீழ நாலு மாடி ஆழம் இருக்கும், எங்க பையன் கையை நான் ஒரு நிமிஷம்கூட விடல. பசங்களுக்கு அங்க பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, ரெண்டு சர்ச்சுக்கு நடுவுல சுவத்தை தடவிக்கிட்டே போற கும்மிருட்டு சுரங்கம். அதுக்கப்புறம் நாலாவது சர்ச்லயே இன்னும் எத்தனை இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. பெரியவங்களுக்கு அப்போ நுழைவுக்கட்டணம் 50 டாலர், கோண்டர் கோட்டைக்கு கொடுத்ததை விட ரொம்ப ஜாஸ்தி. கம்பளத்துல தெள்ளுப்பூச்சி இருக்கும், கனமான சாக்ஸ் போட்டுட்டு போங்க.

கோண்டர் அப்படியே வேற மாதிரி. 17ஆம் நூற்றாண்டுல ஃபாசிலிதஸ் ராஜா தலைநகரா ஆக்கின ஊரு, 900 மீட்டர் மதிலுக்குள்ள கோட்டை அரண்மனை எல்லாம் ஒரே வளாகம், சமதரை, புல்வெளி, பசங்க ஓடலாம், அத்தை மரத்தடில உக்காரலாம். ராஜா வளத்த சிங்கங்களோட கூண்டுகூட இருக்கு, எங்க ரெண்டு வாலுங்களும் அதுக்குள்ள போயி வெளியவே வரல. கோட்டை கட்டின விதத்துல இந்திய சாயலும் அரபு சாயலும் இருக்குன்னு யுனெஸ்கோவே எழுதியிருக்கு. டெப்ரே பெர்ஹான் செலாசி சர்ச்சை விட்டுடாதீங்க, சின்னதுதான், ஆனா கூரை முழுக்க வரிசை வரிசையா தேவதை முகம், எல்லாம் பெரிய கண்ணோட நம்மளையே பாக்கும். இருந்தாலும் மனசை திறந்து சொல்றேன், கோண்டர் ஊரு மட்டும்னா ஒரு நாள்ல முடிஞ்சிரும், லாலிபெலா பக்கத்துல அது நிக்காது. அதை தூக்கி நிறுத்தறது சிமியன்தான்.

கோண்டர்லருந்து சிமியன் தேசியப் பூங்கா வாசல்ல இருக்கிற டெபார்க் ஊரு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், அங்க பார்க் ஆபீஸ்ல பணம் கட்டி துப்பாக்கி வச்சிருக்கிற காவலர் (ஸ்கவுட்னு சொல்றாங்க) ஒருத்தரை கூட்டிக்கிட்டு உள்ள போகணும், அது கட்டாயம். ட்ரெக்கிங் போறவங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சு நிறைய குடும்பங்க விட்டுடறாங்க, ஆனா சங்காபர் முகாம் தாண்டி செனெக் முகாம் வரைக்கும் வண்டியே போகும். வண்டிலருந்து இறங்கி அம்பது அடி நடந்தா தரை அப்படியே முடிஞ்சுபோகுது, கீழ அதல பாதாளம், அதுக்கு அங்கிட்டு எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறைக்கோட்டைங்க வரிசையா அடிவானம் வரைக்கும். அத்தை ஒண்ணும் பேசல, என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் கெலாடா குரங்கு. எத்தியோப்பிய மலைல மட்டும்தான் இருக்கு, நெஞ்சுல சிவப்பா ஒரு திட்டு, புல்லுதான் சாப்பாடு. கூட்டம் கூட்டமா உக்காந்த இடத்துலயே நகந்து நகந்து மேயும், நாம சும்மா உக்காந்திருந்தா நம்மளை சட்டை பண்ணாது, நாலடி தள்ளி புல்லை பிச்சு திங்கிற சத்தம்கூட கேக்கும். ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உக்காராத எங்க பையன் அங்க முக்கால் மணி நேரம் அசையாம இருந்தான். வாலியா வரையாடு எங்க கண்ணுல படல, அது எண்ணிக்கைல கொஞ்சம்தான்.

சிமியன்ல பயப்பட வேண்டியது உயரத்துக்கு. லாலிபெலா 2,500 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவை விட கொஞ்சம் கம்மிதான். சங்காபர் 3,250, செனெக் 3,600க்கு மேல. பொண்ணுக்கு செனெக்ல தலைவலி வந்து உடனே இறங்கிட்டோம், இறங்கினதும் சரியாச்சு. அடிஸ்ல ஒரு ராத்திரி, கோண்டர்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு மேல போங்க, ராத்திரி மேல தங்காம இறங்கி வந்துடுங்க, குளிர் எலும்பை குத்தும்.

சாப்பாட்டுல ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்ல, சைவக்காரங்க பயப்படவே வேண்டாம். புதன், வெள்ளி அவங்களுக்கு விரதம், அன்னிக்கு எங்க போனாலும் விரதச் சாப்பாடு கிடைக்கும், பெரிய இஞ்செரா மேல பருப்பு, கீரை, கோஸ், கடலைமாவு குழம்பு மாதிரி ஷிரோ. இஞ்செரா நல்லா புளிச்ச தோசைன்னு நினைச்சுக்கோங்க, பசங்க ரெண்டாம் நாளே பழகிட்டாங்க.

என் முடிவு இதுதான். பத்து வயசுக்கு கீழ பசங்க இருந்தா, ஒண்ணுதான் முடியும்னா கோண்டர்–சிமியன். பசங்க பெருசாயிட்டாங்க, இல்ல பெரியவங்களுக்காகவே போற பயணம்னா யோசிக்காம லாலிபெலா, ரெண்டு ராத்திரி, ஒரு காலைல ஒரு தொகுதி சர்ச் மட்டும். ஏழு நாள் கிடைச்சா ரெண்டையும் பாருங்க, நடுவுல விமானத்துலயே போங்க, ரோடுன்னா ஒரு பகல் முழுக்க வளைவுலயே போயிரும். ஜனவரி 7 ஒட்டி லாலிபெலா, ஜனவரி 19 ஒட்டி கோண்டர் ரெண்டுலயும் திருவிழாக் கூட்டம், சின்னப் பசங்களோட அந்த நாள் வேண்டாம்.

வண்டி பேசும்போது மணியை ரெண்டு தடவை கேட்டுக்கோங்க. அங்க சூரியன் உதிக்கிறதுலருந்துதான் கணக்கு, டிரைவர் ஒரு மணிக்கு வர்றேன்னா காலைல ஏழு மணின்னு அர்த்தம்.