காட்டு விளையாட்டு வகுப்பு: ஒரு வருஷமும் மூன்று மாதமும் போய் வந்த பிறகு

ஹட்டனில் இருக்கும் என் சிநேகிதி போன வாரம் வொய்ஸ் ஒன்று அனுப்பியிருந்தாள். "அடியே, அந்தக் காட்டு விளையாட்டு வகுப்புக்குக் காசு குறைச்சிட்டாங்களாமே, நம்ம சின்னவனைச் சேர்க்கவா வேணாமா, நீதானே ஒரு வருஷமா போற, சொல்லு." பதில் பேசத் தொடங்கி எட்டு நிமிடம் பேசிவிட்டேன். கேட்டுப் பார்த்தால் பாதி புகழ்ச்சி, பாதி ஏச்சு. அழித்துவிட்டேன். எழுதினால்தான் ஒழுங்காக வரும் போலிருக்கிறது, அதோடு அவளைப் போல வேறு பேருக்கும் உதவும்.

வகுப்பைப் பற்றிப் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை காலை 8.30 முதல் 11 வரை, நுவரெலியா டவுனுக்கு வெளியே ஒரு பைன் காட்டு ஓரம், 2 வயது முதல் 6 வயது வரை, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 14 சனிக்கிழமை கொண்ட டேர்முக்கு 16,000 ரூபா இருந்தது, மே மாதத்திலிருந்து 11,000. கழிவறை ஒன்றே ஒன்று, லைட் இல்லை. தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே போகப் போகக் கோபம் வந்துவிடும்.

அங்கே இருக்கிற அண்ணா, பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து இடம் முழுக்க நடந்து பார்க்கிறார். குளவிக்கூடு இருக்கிறதா, காய்ந்த கிளை ஏதாவது தொங்குகிறதா, மண் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று. ஒரு நாள் நான் சீக்கிரமே போனதால் அதைக் கண்ணால் பார்த்தேன். கையில் நீளமான கம்பு, ஆனால் அதால் எதையும் தட்டவில்லை, ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். என் அம்மாவை மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்கே நான் காசு கட்டுவேன்.

அப்புறம், பிள்ளை கற்றுக்கொண்டது. சேரும்போது மகளுக்கு மூன்றரை வயது. புல்லில் கால் வைக்க மாட்டாள், அட்டை என்றால் அலறுவாள். நானும் சப்பாத்துக்குள் சித்தாலேபத் தைலம் தேய்த்து, சொக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுத்தான் கூட்டிப்போவேன். இப்போது அட்டை ஒன்று இலை நுனியில் எழும்பி நின்று ஆடுவதைப் பார்த்தால் குந்திக்கொண்டு, "அம்மா, மூச்சு விடாதீங்க, அது நம்மளைத் தேடுது" என்கிறாள். அது உண்மையும்தான், நம்முடைய மூச்சையும் சூட்டையும் அதிர்வையும் வைத்துத்தான் அட்டை வருகிறது. ஜனவரியில் நிழலில் கிடந்த புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது, அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "இனிப்பே இல்ல" என்றாள். ஆறுமணிக்குருவியை முதன்முதலில் காட்டியதும் இங்கேதான். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து போகிற குருவி, விக்டோரியா பூங்காவுக்கு அதைத் தேடியே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். சருகை ஒவ்வொன்றாக அலகால் தூக்கிப் புரட்டிப் போடும். மகள் வீட்டில் காயப்போட்ட துணியை அப்படியே புரட்டிப் போட்டு "குருவி விளையாட்டு" ஆடுகிறாள்.

சரி, இப்போது மழைக்கு வருகிறேன்.

போன வருஷம் மே மாதம் தொடங்கிய டேர்ம். 14 சனிக்கிழமையில் 7 ரத்து. நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மெசேஜ் வருவது காலை 7.45க்கு. அதற்குள் நாங்கள் நானுஓயாவில் பஸ் ஏறியாகிவிடும். பிளாக்பூல் சந்தியில் பஸ் நிற்கும்போது போன் சத்தம் போடும், "சீரற்ற காலநிலை காரணமாக இன்றைய வகுப்பு இடம்பெறாது." பூட்ஸும் மழைக்கோட்டும் போட்டு, பையில் மாற்றுடுப்பும் அவித்த கடலையும் வைத்துக்கொண்டு ஆசையோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் நான் என்ன சொல்வது? வெளியே பார்த்தால் தூறல். குடை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுத் தூறல். இரண்டு தடவை, நாங்கள் இறங்கித் திரும்பி நானுஓயா பஸ்ஸுக்கு நிற்கும்போதே வெயில் வந்துவிட்டது.

நுவரெலியாவில், மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மழை வரும் என்று யாருக்குத்தான் தெரியாது? அதே ஜூலையில் பண்டாரவளையில் இருக்கும் என் அக்கா வறட்டுக் காற்றில் உதடு வெடித்துப்போய் இருப்பாள், அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலம், இந்தப் பக்கம் ஒரு காலம். இந்தப் பக்கத்தில் இடம் பிடித்து, வெளியில் விளையாடுகிற வகுப்பு என்று பேர் வைத்தால், அது மழையோடு சேர்ந்த வகுப்பாகத்தானே இருக்க வேண்டும்?

முதல் நாள் கூட்டத்தில் அவர்களே இதைத்தான் சொன்னார்கள். டென்மார்க்கில் 1950களில் எல்லா ஃப்ளாட்டௌ என்ற ஒரு பெண், தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் காட்டுக்குக் கூட்டிப்போய்த் தொடங்கியதுதான் இந்தக் காட்டு முன்பள்ளிகளின் ஆரம்பம் என்றார்கள். 1993இல் ஜெர்மனியில் ஃப்ளென்ஸ்பர்க்கில் அப்படி ஒரு முன்பள்ளிக்கு அரச அங்கீகாரம் கிடைத்த கதையையும் சொன்னார்கள். பனியிலும் மழையிலும் பிள்ளைகள் சேற்றில் உருள்கிற படங்களைத் திரையில் காட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கே காசைக் கட்டினேன். அந்த ஊர்க் குளிர் எங்கே, நம்முடைய தூறல் எங்கே.

ஒரே ஒரு நாள் மழையில் வகுப்பு நடந்தது. அந்த நாளைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ரத்து என்று மெசேஜ் போட்டிருக்கிறார்கள், ஆனால் அண்ணாவின் போனில் டேட்டா முடிந்து, வட்ஸ்அப்பில் மெசேஜ் போகாமலே நின்றிருக்கிறது. 8.30க்கு ஒன்பது பிள்ளைகள் பூட்ஸோடு வந்து நிற்கிறார்கள். திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அவரும் கூட வகுப்பு நடத்துகிற அக்காவும் ஒரு நிமிடம் பேசிக்கொண்டு, சரி, கான் பக்கம் மட்டும் போவோம் என்றார்கள்.

கான் என்றால் மேட்டிலிருந்து வருகிற ஒரு சின்ன வாய்க்கால். மற்ற நாளில் காய்ந்து கிடக்கும், அன்றைக்கு என் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பையன் கல்லைப் போட்டான். இன்னொருத்தி பைன் காய்களை அள்ளிக்கொண்டு வந்தாள். தண்ணீர் சந்துகளால் வழிந்தது. என் மகள் மானாப்புல்லைப் பிடுங்கி, அதைச் சேற்றில் புரட்டி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் தமிழ் தெரியாத ஒரு சிங்களப் பிள்ளை, பெரிய கல் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "வதுர! வதுர!" (தண்ணீர்! தண்ணீர்!) என்று கத்தினாள், தண்ணீர் அவள் பக்கமாகத் திரும்பிவிட்டது. என் பிள்ளையும் "வதுர!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அந்தக் கல்லில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்றது, மெதுவாக ஏறியது, பூட்ஸுக்குள் நுழைந்தது. பிறகு மூலையில் மண் கரைந்து மொத்தமும் ஒரே அடியில் உடைந்து போனது. ஒன்பது பேரும் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். உடனே திரும்பவும் கட்டத் தொடங்கினார்கள். அண்ணா அந்த முக்கால் மணி நேரமும் கானின் கீழ்ப்பக்கம் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வராது.

இந்த ஒரு வருஷமும் மூன்று மாதமும் நான் பார்த்ததில் அதுதான் மிகச் சிறந்த வகுப்பு. வெயில் நாளில் அந்தக் கானில் ஒன்றுமே இல்லை.

மழையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த மலைநாட்டில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, அதில் மஞ்சள் வந்தாலே நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன். காற்றடித்தால் பைன் காட்டுக்குள் போகவே கூடாது. இடி என்றால் கேட்கவே வேண்டாம். அந்த 7 ரத்தில் 3 இப்படிப்பட்டவை, இரண்டு நாள் கடும் காற்று, ஒரு நாள் எச்சரிக்கை. அந்த மூன்றுக்கும் நான் மனதார நன்றி சொல்கிறேன். மீதி நாலும் வெறும் தூறல், மூட்டம், பனிப்புகை.

ஏன் ரத்துச் செய்கிறார்கள் என்று ஒரு நாள் வகுப்பு அக்காவிடமே கேட்டேன். "அக்கா, மழையில வச்சா நாலைந்து அம்மாமார் கோல் எடுத்து ஏசுறாங்க, பிள்ளைக்குச் சளி பிடிச்சா யார் பொறுப்புன்னு கேக்குறாங்க" என்றாள். பாவம், அவளும் என்ன செய்வாள். ஆகவே தவறு முழுக்க அவர்களுடையதும் இல்லை, நம் பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் சளி மழையால் வருவதில்லை, கிருமியால் வருகிறது, அதுவும் ஜன்னலை மூடிக்கொண்டு பத்துப் பேர் ஒரே அறையில் இருந்தால்தான் சுலபமாகப் பரவும். பண்டாரவளை அக்காவின் மகனுக்கு ஏழு வயதில் கண்ணாடி போட்ட பிறகு நான் தேடிப் படித்த விஷயம் ஒன்று: சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டு மூன்று வருஷம் பார்த்திருக்கிறார்கள், ஆய்வு 2015இல் வந்தது. அப்படிக் கூடுதலாக விடாத பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்க, விட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதம். மூட்டமான நாளில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம், வீட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். மூட்டம் என்று வீட்டுக்குள் வைத்தால் பிள்ளை என்ன செய்யும், போன்தான் பார்க்கும். என் பிள்ளை அந்த நாலு சனிக்கிழமையும் அதைத்தான் செய்தாள்.

ரத்தான நாளுக்குக் காசும் திரும்பாது. அடுத்த டேர்மில் கழித்துத் தருவார்களாம், அதுவும் நாம் அடுத்த டேர்மும் சேர்ந்தால்தான். இதைச் சேரும்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். மழை பெய்தால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்தான் நிற்போம். உரச் சாக்கை விரித்து மேட்டிலிருந்து சறுக்குவோம், வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் ஏறுவதற்குள் அம்மாயி துணியால் தலையைத் துவட்டி இரண்டு அடியும் போடுவார். அம்மா அதே மழையில் தலையில் பிளாஸ்டிக் சீட்டும் இடுப்பில் படங்குமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு யாரும் 7.45க்கு மெசேஜ் போடவில்லை. அந்தக் கஷ்டம் என் பிள்ளைக்கு வரக் கூடாது, அதற்காகத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். ஆனால் மழையையே பிள்ளையிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அம்மா ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்.

அதனால் சிநேகிதிக்கு என் பதில் இது. சின்னவனைச் சேர்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் சேர். அப்போது வானம் தெளிவு, ரத்தே கிடையாது, குருவியும் இருக்கும். ஆளும் நல்லவர்கள், பிள்ளையை நம்பி விடலாம், இதைவிடக் கவனமான ஆட்களை நான் பார்க்கவில்லை. மே டேர்முக்கு 11,000 என்று குறைத்திருப்பதைப் பார்த்து மயங்காதே, 14 நாளும் நடந்தால்தான் அது மலிவு. நான் கட்டப்போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

நேற்றும் சனிக்கிழமைதான், டேர்ம் லீவு. பின்னேரம் இடி இல்லாமல் சும்மா தூறிக்கொண்டிருந்தது. நானே மகளுக்குப் பூட்ஸைப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கானுக்குக் கூட்டிப்போனேன். கல் பொறுக்கினோம், புல் பிடுங்கினோம். நான் குந்தி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும், அவள் எழும்பி ரோட்டுப் பக்கமாகப் பார்த்தாள். "அம்மா, நம்ம ரெண்டு பேர் காணாது. மத்தவங்க எப்ப வருவாங்க?"

காசு கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்னும் கட்டவில்லை.