திருவல்லிக்கேணில வாங்குன ஸ்பெயின் மேப் செட், நாலாவது ஷீட்டுக்காகவே வாங்கலாம்

ஹைரோடு பக்கம் ஒரு சந்துல இருக்குற சின்ன பிரிண்டிங் கடை, தமிழ்ல ஊர் பேரு போட்ட வரலாறு மேப் அவங்களே டிசைன் பண்ணி விக்கிறாங்க. நான் வாங்குனது, அந்தக் காலத்து ஸ்பெயின்ல தனித்தனியா இருந்த கஸ்தீல், லெயோன்ங்கற ரெண்டு ராஜ்ஜியமும் ஒண்ணான கதை, நாலு ஷீட், 600 ரூபா.

மொத ஷீட் 1037. கஸ்தீல் ஃபெர்னாந்தோவோட சண்டை போட்டு அவரோட மச்சான், லெயோன் ராஜா பெர்மூதோ தமரோன்ல செத்துப்போக, பெர்மூதோவோட கூடப்பொறந்தவளான தன் பொண்டாட்டி சாஞ்சா வழியா லெயோனும் ஃபெர்னாந்தோவுக்கு வந்துருது. அடுத்தது 1065, அவர் போனதும் மூணு பசங்களுக்கும் பாகப்பிரிவினை, அப்புறம் 1072ல சமோராவுல மூத்தவன் கொலையாகி எல்லாம் தம்பி அல்ஃபோன்சோ கைக்கு போகுது. மூணாவது 1157, அந்த அல்ஃபோன்சோவோட பேரனுக்குப் பொறந்த பசங்க காலத்துல திரும்பவும் ரெண்டா உடையுது. இந்த ஷீட்ல தான் கடுப்பு, ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மஞ்சள், உடைஞ்சதே தெரியல, முக்கியமான விஷயமே அதுதானே!

ஆனா நாலாவது, 1230, அவ்ளோ அருமை. லெயோன் ராஜா ஒன்பதாம் அல்ஃபோன்சோ சாகும்போது மொத தாரத்துப் பொண்ணுங்க சாஞ்சா, துல்சே ரெண்டு பேருக்கும் தான் ராஜ்ஜியம்னு நினைச்சாரு, ரெண்டாந்தாரம் பெரெங்கேலாவோட பையன் மூணாம் ஃபெர்னாந்தோ ஏற்கெனவே 1217ல இருந்து கஸ்தீல் ராஜா, அதுவும் தனக்கு வந்த பட்டத்தை அம்மாவே விட்டுக்கொடுத்து கிடைச்சது. ரெண்டு கல்யாணமுமே நெருங்கின சொந்தம்னு சர்ச் செல்லாதுன்னு சொன்னது வேற. பெரிய சண்டை வந்திருக்க வேண்டிய இடம், ஆனா மூத்த தாரம் தெரேசாவும் பெரெங்கேலாவும் நேரா உக்காந்து பேசி, பொண்ணுங்களுக்கு வருஷா வருஷம் பணம்னு முடிவு பண்ணி, பெனவென்தேல ஒப்பந்தம் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ரெண்டு ராஜ்ஜியமும் நிலையா பிரியவே இல்ல, 1236ல கோர்தோபா, 1248ல செவீயான்னு ஃபெர்னாந்தோ தெற்க போய் பிடிச்சதுக்கு பின்னாடி இந்த பலம் தான் இருக்கு. பொதுவா ஜெயிச்ச ராஜா படத்தை தான் பெருசா போடுவாங்க, இவங்க பெனவென்தேவுக்கு தனி பாக்ஸ் போட்டு ரெண்டு அம்மா பேரையும் எழுதியிருக்காங்க, அதுக்கே மனசார பாராட்டணும்.

லேமினேஷன் வேண்டாம்னு சொல்லிடுங்க, எனக்கு ஓரமெல்லாம் குமிழ் வந்துருச்சு. மஞ்சள் கலர் பத்தி சொன்னேன், அடுத்த பிரிண்ட்ல மாத்துறோம்னாங்க, அதனால மத்த மூணையும் இப்பவே வாங்கிட்டு 1157க்கு மட்டும் வெயிட் பண்ணலாம், தனித்தனியாவும் தர்றாங்க.