டிராக்டர் நல்லது, ஃபில்டர் வைத்த இடம்தான் கொடுமை

என்னிடம் இருக்கும் சிறிய டிராக்டரையே தானும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். குதிரைத்திறன், தூக்கும் எடை, டயர் அளவு எல்லாம் விற்பனை ஏட்டிலேயே இருக்கின்றன, அவரும் படித்திருப்பார். ஏட்டில் இல்லாததை நான் சொல்கிறேன். நசுங்கிப்போன ஹைட்ராலிக் ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த வண்டியின் வயிற்றடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, ஒரு தகர டப்பா கீழ்நோக்கித் தொங்குகிறது. அதுதான் ஹைட்ராலிக் ஃபில்டர். ஆயில் அழுத்தத்தால் லிஃப்டையும் ஸ்டியரிங்கையும் இயக்கும் பம்புக்குப் போகும் ஆயில் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். டப்பாவின் சுவர் மெல்லிய தகடு. முன்னால் காப்புத் தகடு கிடையாது, பக்கவாட்டில் ஒரு கம்பி கூடக் கிடையாது. இன்ஜின் ஆயில் ஃபில்டரைச் சட்டத்துக்கு மேலே, எதுவும் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாக வைக்கத் தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தும் இதை மட்டும் இப்படி விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

இதில் அடிபட்டால், பின்னால் மாட்டும் கருவிகளைத் தூக்கும் பின் லிஃப்ட் மட்டும் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இத்தகைய டிராக்டர்களில் பெரும்பாலும் ஒரே தொட்டி ஆயில்தான் கியர்களையும் மசகிடுகிறது, ஆயிலில் மூழ்கிய பிரேக்குகளையும் குளிரவைக்கிறது, ஸ்டியரிங்கையும் லிஃப்டையும் இயக்குகிறது. டப்பா கிழிந்து ஆயில் முழுவதும் கொட்டினால் வண்டியின் பின்பாதி முழுவதுமே ஆபத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய பொறுப்பை வண்டியிலேயே மிக மெல்லிய தகட்டிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

புதர் வெட்டும் வேலையில்தான் அடி விழுந்தது. வெட்டிப் போட்ட கிளை ஒன்றின் நுனியை முன் சக்கரம் மிதித்தது; மறுமுனை எழும்பி டப்பாவைக் குத்தியது. புதர் வெட்டுவதற்கென்றே விற்கப்படும் வண்டி இது. கிளை எழும்புவது அந்த வேலையில் அன்றாடம் நடப்பது. கிளை செய்தது தவறல்ல, நான் ஓட்டியதும் தவறல்ல.

ஒடுக்கு விழுந்ததே தவிர, அப்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. வேலை முடியும்வரை அடிப்பாகம் காய்ந்தே இருந்தது. ஆனால் பின் லிஃப்ட் ஏறும்போது விட்டுவிட்டு ஏறியது. பம்பிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கொட்டகைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடந்தது. ஓடும்போது கசியாமல் நிற்கும்போது மட்டும் கசிவது பலரைக் குழப்பும். இந்த ஃபில்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது டப்பாவுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஊசித்துளை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இன்ஜினை நிறுத்தியதும் உறிஞ்சல் நின்றுவிடும். தொட்டியின் ஆயில் மட்டம் டப்பாவைவிட உயரத்தில் இருப்பதால் அப்போது சொட்டத் தொடங்கும். அதனால் இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் கசிவைத் தேடும்போது ஓடும் வண்டியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது.

காற்று கலந்த ஆயில் பால் போல வெளுத்துத் தெரியும். தண்ணீர் கலந்தாலும் அதே நிறம்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காற்று என்றால் குமிழிகள் மேலேறி ஆயில் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும், அல்லது அடியில் தனியாகத் தங்கும். என் பாட்டில் தெளிந்தது. அதனால் முழு ஆயிலையும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. காற்றோடு பம்பைத் தொடர்ந்து ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கி உடையும் இடத்தில் உலோகம் அரிக்கப்படும். ஃபில்டரோடு முடிய வேண்டிய செலவு பம்பு வரைக்கும் போய்விடும்.

கழற்றும் வேலை எளிதாக இருந்திருக்க வேண்டும். உருண்டையாக இருக்கும் டப்பாவுக்குத்தான் கிண்ண வடிவ ஸ்பேனர் பொருந்தும், நசுங்கியதில் உட்காராது. பட்டை ஸ்பேனர் ஆயிலில் வழுக்கியது. ஸ்குரூடிரைவரைக் குத்தித் திருப்பும் வழியைப் பலர் சொல்வார்கள். ஏற்கெனவே கிழியத் தயாராக இருக்கும் தகட்டில் அதைச் செய்தால் உடல் பிய்ந்து வந்து, மரையுள்ள அடித்தட்டு மட்டும் வண்டியிலேயே நின்றுவிடும். செயின் ஸ்பேனரை அடித்தட்டை ஒட்டிய கனமான விளிம்பில் பிடித்தபோதுதான் அசைந்தது.

தொட்டியின் ஆயில் முழுவதும் கொட்டாமல் ஃபில்டரை மட்டும் மாற்ற ஒரு வழி இருக்கிறது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை ஆயில் ஊற்றும் வாயில் துணி சுற்றி இறுக்கமாக வைத்து, காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிட்டால், மேலே உண்டாகும் இழுவை ஆயிலைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தும். ஃபில்டர் வாய்க்கு மேலே 30 செ.மீ. உயரத்துக்கு ஆயில் நின்றாலும் அதைத் தாங்கச் சுமார் 0.03 பார் அழுத்த வித்தியாசம் போதும். வீட்டு உபயோக இயந்திரமே அதைச் சுலபமாகத் தரும். குழாய் ஆயில் மட்டத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், வேலையைச் சட்டென்று முடிக்க வேண்டும். ஒரு கிண்ணம் அளவுக்குத்தான் ஆயில் வீணாயிற்று. இந்த வண்டியோடு சம்பந்தப்பட்டு என்னை உண்மையாகவே மகிழவைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

மாற்று ஃபில்டர் தேடும்போது கவனம் தேவை. அதே உயரம், அதே விட்டம், அதே ரப்பர் வளையம் உள்ள இன்ஜின் ஃபில்டர்கள் எங்கும் கிடைக்கும்; சிலவற்றில் மரையும் ஒத்துப்போகும். அதை மாட்டச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இன்ஜின் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து வழிவிடும். அந்த வால்வு திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 1 பாருக்கு அருகில் இருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் மொத்தமாகக் கிடைக்கக்கூடிய விசையே காற்று மண்டலத்தின் அழுத்தம்தான், அதுவே சுமார் 1 பார். அந்த வால்வு அங்கே திறக்கப் போவதில்லை. பம்பு ஆயில் இல்லாமல் தவிக்கும். உறிஞ்சும் பக்க ஃபில்டர் தடை குறைவாக இருக்கும்படி செய்யப்படுவது இதற்காகத்தான்.

மரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 3/4 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை கொண்டதும், 20 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. இடைவெளி கொண்டதும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஒன்று 19.05 மி.மீ., மற்றது 20 மி.மீ. பெரியது சின்னதன் மேல் தளர்வாக ஏறிவிடும், இறுகியது போலவும் தோன்றும். வேலை நடுவே கழன்றால்தான் உண்மை தெரியும். கையேட்டில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி.

பழைய ரப்பர் வளையம் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் கசிவு நிச்சயம், உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்று புகுவதும் நிச்சயம். புதிய வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது தட்டைத் தொட்ட பிறகு கையால் அரை முதல் முக்கால் சுற்று. டப்பா நிமிர்ந்து ஏறுவதால் முன்கூட்டியே ஆயில் நிரப்பினேன். நடுத்துளையில் ஊற்றாமல், சுற்றிலும் உள்ள சிறு துளைகளில் ஊற்ற வேண்டும். நடுத்துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் தூசி நேராகப் பம்புக்குப் போகும். பிறகு குறைந்த வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, லிஃப்டைச் சில முறை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினேன். கீச்சொலி மெல்ல அடங்கிப் போனது. லிஃப்டை முழுவதும் இறக்கி, இன்ஜினை நிறுத்தி ஆயில் மட்டம் பார்த்துக் குறைந்ததை ஊற்றினேன்.

பழையதை வெட்டிப் பிரித்தும் பார்த்தேன். ஒடுக்கு விழுந்த இடத்தில் உள்ளிருந்த மடிப்புத் தாள் கிழிந்திருந்தது. ஆக, கசிவு இல்லாமலே இருந்திருந்தாலும் அது வடிகட்டியிருக்காது. வெளியே ஒரு சொட்டும் இல்லை என்று நசுங்கிய ஃபில்டரோடு ஓட்டுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தாளின் மேல் மைபோன்ற நுண்ணிய சாம்பல் பூச்சு மட்டுமே இருந்தது. கியர்கள் தேய்வதில் அது இயல்பு. மின்னும் செதில்கள் இருந்திருந்தால் வேறு கதை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஃபில்டரை வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. உறிஞ்சும் குழாய் எவ்வளவு குட்டையோ பம்புக்கு அவ்வளவு நல்லது. தொட்டிக்கு அடியில் வைத்தால் ஆயில் தானாகவே வந்து நிற்கும். வழக்கமான மாற்றத்துக்கும் எதையும் கழற்ற வேண்டாம், படுத்துக்கொண்டு கையை நீட்டினால் போதும். புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்தில் மாற்றச் சொல்கிறார்கள், பிறகும் குறிப்பிட்ட மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதெல்லாம் இந்த அமைப்பை நான் பாராட்டியே இருக்கிறேன். இவ்வளவு ஆண்டுகளில் இன்ஜின் ஒரு முறைகூட என்னை நடுவழியில் விட்டதில்லை. கிளட்ச், பிரேக், கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு எதிலும் குறை இல்லை. நெருக்கமான மர வரிசைகளுக்கு நடுவே இதுபோலத் திரும்பும் வண்டியை நான் ஓட்டியதில்லை.

ஆனால் இடம் சரி என்பதற்காகக் காப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. 5 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வளைத்து, அடிப்பகுதியில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலேயே பொருத்திக்கொண்டேன். கியர்பெட்டியின் வார்ப்பிரும்பில் புதிதாகத் துளையிடக் கூடாது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஆயில் நிற்கிறது. தகட்டுக்கும் டப்பாவுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன், தகடு வளைந்தாலும் டப்பாவைத் தொடக் கூடாது என்பதற்காக. அடியில் ஒரு திறப்பும் உண்டு. இல்லாவிட்டால் மண்ணும் தழையும் சேர்ந்து கசிவை மறைத்துவிடும். சில மணி நேர வேலை. ஆலையில் ஒரு அச்சில் தட்டி எடுக்க எவ்வளவு ஆகியிருக்கும்? இதை நினைக்கும்போதுதான் மேலே எழுதிய பாராட்டு எல்லாம் எனக்கே கசக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வயல் உழவும் வண்டி இழுக்கவும் மட்டும் என்றால் ஒருவேளை பரவாயில்லை. அவருக்குப் புதர் வெட்டும் வேலைதான் அதிகம். என்னுடையதை நான் விற்கப் போகிறேனா என்று கேட்டால், மாட்டேன். இது முரணாகத் தெரியலாம். என் வண்டிக்கு இப்போது காப்புத் தகடு இருக்கிறது, கடையில் நிற்கும் வண்டிக்கு இல்லை. வேறு எந்த மாடலைப் பார்க்கப் போனாலும் அவர் முதலில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டும். ஃபில்டர் எங்கே இருக்கிறது, அதன் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு இருக்கையில் ஏறி உட்காரலாம். இதே வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், காப்புத் தகட்டின் அளவுகளைத் தருகிறேன். முதல் நாள் வேலைக்கு இறக்கும் முன்பே அதைப் பொருத்திக்கொள்ளட்டும்.