சொட்டு நிற்காத படகு: மூன்று கோடை இழுத்துச் சுற்றிய அனுபவம்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்து, "அக்கா, உங்க படகுப் படமெல்லாம் பார்த்தோம், நாங்களும் அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் படகின் அடியில் இருக்கிற கீல் என்ற தகட்டைத் தூக்கும் வின்ச்சுக்குக் (கையால் சுற்றி இழுக்கும் உருளை) கம்பி மாற்றிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆறின பிறகு எழுதுகிறேன், ஆனாலும் முழுசாக ஆறவில்லை.

19 அடி பாய்மரப் படகு, 2023-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி பக்கம். தேசியப் பூங்காக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, போகிற இடத்தில் ஏரி இருந்தால் பாய் விரிப்பது, ராத்திரி படகிலேயே தூங்குவது என்பது என் வீட்டுக்காரர் போட்ட திட்டம். அதில் மூன்றாவது மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-இல் வயோமிங் மாநிலத்து கிராண்ட் டீட்டன் பூங்காவுக்குப் போனோம். கோல்ட்டர் பேயில் படகை ஏரிக்குள் இறக்குகிற சரிவில் பாய்மரத்தை நிமிர்த்த எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, பக்கத்தில் மோட்டார் படகுக்காரர்கள் மூன்று பேர் இறக்கிவிட்டுப் போயேவிட்டார்கள். ஆனால் ஜாக்சன் ஏரிக்குள் போய் எஞ்சினை அணைத்ததும் எதிரே 12,605 அடி மோரன் மலை, பனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் படகின் அடியில் களகளவென்று போகிற சத்தம் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வந்துவிடும் என்பதால் சீக்கிரமே கரைக்குத் திரும்பிவிட வேண்டும், அது வேறு. அந்த நாலு மணி நேரத்துக்காக இன்னொரு படகுகூட வாங்குவேன்.

இப்போது கீல். இந்த மாதிரிப் படகில் கீல் என்பது நேராக மேலே தூக்கி, நேராகக் கீழே இறக்குகிற ஒரு இரும்புத் தகடு, காற்றில் படகு பக்கவாட்டில் சறுக்காமல் பிடிப்பது அதுதான். படகின் நடுவில் அதற்கென்று ஒரு குறுகலான அறை இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றும்போது தகடு மேலே போய்விடும், கீழே டிரெய்லர் கட்டை அடைத்துக்கொள்ளும், நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. நாள் கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். கீலை இறக்கித் துடைக்கலாம் என்றால் டிரெய்லரில் இருக்கும்போது இறக்க முடியாது. குச்சியில் ஸ்பாஞ்ச் கட்டிப் பார்த்தோம், பழைய வேட்டியைக் கிழித்து நீளநீளமாக உள்ளே விட்டு உருவினோம், ஒரு தடவை ஹேர் டிரையரைக்கூடப் பிடித்தேன், கேம்ப்பில் எல்லாரும் பார்த்தார்கள்.

சொட்டினால் சொட்டட்டும், அதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். 2025 ஜூனில் தெற்கே, யூட்டா-அரிசோனா எல்லையில் இருக்கிற லேக் பவல் நீர்த்தேக்கத்தில் ஐந்து ராத்திரி இருந்தோம். செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது, பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் ராத்திரி நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்தால் பாறை வெயிலில் குடித்த சூட்டை நடுநிசி வரைக்கும் விடும். அதெல்லாம் சொர்க்கம். அங்கேயே ஒரு பாறையில் கால் வைத்து இறங்கியபோது உள்ளங்கால் கிழிந்தது. பார்த்தால் பாறை முழுக்கச் செத்த மட்டி ஓடு, விரல் நகம் அளவு, பிளேடு மாதிரி. குவாகா மட்டி. இந்தப் பக்கத்தில் முதலில் 2007-இல் லேக் மீட் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் பவலுக்கும் வந்துவிட்டது. ஒரு பெண் மட்டி வருஷத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை போடுமாம், குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு கரண்டித் தண்ணீரில் ஏரி விட்டு ஏரி போய் அங்கேயும் பெருகிவிடும்.

அந்தக் கரண்டித் தண்ணீர்தான் எங்கள் கீல் அறையில் இருக்கிறது.

பவலிலிருந்து வடக்கே யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போகிற வழியில், வயோமிங் எல்லையில் மட்டி ஒட்டியிருக்கிறதா என்று படகுச் சோதனை. இருபது வயசுப் பெண் ஒருத்தி, டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தாள். கடைசியாக எப்போது தண்ணீரில் இருந்தது என்று கேட்டாள். எட்டு நாள் ஆச்சு, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று இவர் பெருமையாகச் சொல்லி முடிக்கவில்லை, அவள் மணிக்கட்டில் டொப்பென்று ஒரு சொட்டு. அவள் ஒன்றும் பேசவில்லை, அந்தச் சொட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரை உள்ளே பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

யெல்லோஸ்டோனில் பாய்மரப் படகென்றால் 30 நாள் காய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இவர் படித்துவைத்திருந்தது பழைய விதி. தப்பு எங்களுடையதுதான், பூங்காக்காரர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 7,733 அடி உயரத்தில் கடல் மாதிரி ஒரு ஏரி, அதன் கரையில் பிரிட்ஜ் பே கேம்ப்பில் டிரெய்லர் மேல் படகு, அதற்குள் நாங்கள். மெரினா பக்கமிருந்து மற்றவர்கள் பாய்மரத்தில் கயிறு தட்டுகிற டிங் டிங் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கிறது, எங்கள் மரம் மட்டும் படுத்திருக்கிறது. ஏணி வைத்து ஏறித் தூங்கப் போகிற தம்பதி நாங்கள் மட்டும்தான். விடியற்காலையில் காட்டெருமை ஒன்று மூச்சு விட்டுக்கொண்டே பக்கத்தில் போனது, படகின் உயரத்திலிருந்து அதன் முதுகில் ஒட்டியிருந்த புல்லைக்கூடப் பார்த்தேன். கூடாரத்தில் இருந்திருந்தால் அலறியிருப்பேன்.

அதற்கும் வடக்கே, மொன்டானா மாநிலத்து கிளேசியர் பூங்காவிலும் இதே கதை. மெக்டொனால்ட் ஏரிக்கும் 30 நாள். 2016-இல் மொன்டானா நீர்த்தேக்கங்களில் மட்டிக் குஞ்சு தென்பட்டதிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம். கோயிங் டு த சன் ரோட்டில் 21 அடிக்கு மேல் வண்டி ஏறக்கூடாது, ஆகவே படகைக் கேம்ப்பிலேயே விட்டுவிட்டுக் காரில் போய்ப் பார்த்தோம். பவலிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மைல் இழுத்துக்கொண்டு வந்த படகு. வழியில் பெட்ரோல் போடும் இடத்தில் எல்லாம் யாராவது வந்து "எங்கே விடப்போகிறீர்கள்" என்று ஆசையாகக் கேட்பார்கள், இவர் ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் பதில் சொல்வார்.

போகப் போகிறவர்களுக்கு ஒன்று: வடக்கை முதலில் முடியுங்கள், பவலைக் கடைசியில் வையுங்கள். நாங்கள் தலைகீழாகப் போனோம்.

சரி, தோழிக்கு இப்போது என்ன சொல்வேன் என்றால், பாய் விரிகிறபோது இதற்கு ஈடு இல்லை, தூங்க அருமை, இரண்டு பேருக்கு அளவான படகு, கட்டும் உறுதி, ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், வாங்காதே. அப்படி வாங்கியே தீருவேன் என்றால் எங்களுடையதையே எடுத்துக்கொள். வின்ச் கம்பி புதுசு, ஸ்பாஞ்ச் கட்டிய குச்சியும் இலவசம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.