ஒரு சண்டைக்கு 2,750 ரூபாய்

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கியபோது, காசிமேட்டிலிருந்து என் அப்பா டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு டிக்கெட், ஒரு மாலை, அத்தோடு கணக்கு முடிந்தது என்று அவர் இன்றும் சொல்வார். குத்துச்சண்டைக்கென்றே நடத்தப்படும் ஒரு வெளிநாட்டுச் செயலிக்கு நான் ஏழு மாதங்களாகச் சந்தா கட்டியிருக்கிறேன். என் கணக்கு இன்னும் முடியவில்லை.

மாதம் 10 டாலர் என்பதுதான் விளம்பரத்தில் இருந்த விலை. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 880 ரூபாய் ஆகிறது. ஆனால் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பணத்துக்குச் செலுத்தும்போது என் வங்கி மூன்றரை சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, அந்தக் கூடுதல் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆக, என் கணக்கிலிருந்து போனது ஏறக்குறைய 916 ரூபாய். இந்த அளவில் எனக்குப் புகார் இல்லை. கிரிக்கெட் பார்ப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அவருடைய சந்தாவை நூறு ஆட்டங்களால் வகுக்கலாம். எனக்கு மாதத்துக்கு உருப்படியாக ஒரு சண்டை கிடைத்தால் பெரிது.

அந்த ஒரு சண்டைக்கும் தனியாகப் பணம் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சாம்பியன் பட்டத்துக்கான போட்டி சந்தாவுக்குள் அடங்காதாம், மேற்கொண்டு 20 டாலர் கட்ட வேண்டுமாம். வங்கியின் பங்கையும் சேர்த்தால் அது 1,833 ரூபாய். மாதச் சந்தாவையும் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு சண்டைக்கு ஏறக்குறைய 2,750 ரூபாய் ஆகிவிட்டது. அதுவும் நான்காவது சுற்றிலேயே முடிந்துவிட்டது. அப்பா மறுநாள் "நிமிஷத்துக்கு எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இந்த வழக்கத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 2015 மே மாதத்தில் மேவெதரும் பாக்கியாவோவும் மோதிய சண்டையை அங்கே வீட்டிலிருந்து தெளிவான படத்தில் பார்க்க ஏறக்குறைய 100 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 46 லட்சம் வீடுகள் கட்டின. சண்டைக்குச் சண்டை பணம் பறிக்கும் அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று முழங்கிக்கொண்டு, 2018இல் விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் டசோன் (DAZN) நிறுவனம் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்குக் கடை விரித்தது. மெக்சிகோ வீரர் கனேலோ அல்வாரெஸுடன் 11 சண்டைகளுக்கு 36.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் போட்டது. 2019 மார்ச்சில் மாதக் கட்டணம் 19.99 டாலராக உயர்ந்தது. 2022 மே மாதத்தில் அதே அல்வாரெஸ் பிவோலுடன் மோதியபோது, சந்தா கட்டியவர்களிடமே அந்த நிறுவனம் மேற்கொண்டு 59.99 டாலர் கேட்டது. நான் சந்தா கட்டியது வேறொரு சிறிய நிறுவனத்துக்கு. ஆனால் பெரியவர்கள் போட்ட பாதையில்தான் சிறியவர்களும் நடக்கிறார்கள். பார்ப்பவர்கள் சிலரே என்னும்போது வீரருக்குக் கொடுக்கும் பெருந்தொகையை அந்தச் சிலர் தலையில்தான் ஏற்ற முடியும் என்பது எனக்கும் புரிகிறது. புரிவதால் பணம் திரும்பி வருவதில்லை.

சேவையின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் இரவு பத்தரைக்கு வீரர்கள் மேடையேறினால் இங்கே கோடையில் அதிகாலை மூன்று மணி, குளிர்காலத்தில் நான்கு மணி. மற்ற ஊர்களில் இது தூக்கத்தைக் கெடுக்கும் நேரம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்களுக்கு அது ஊர் விழித்துக்கொள்ளும் நேரம். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்து மாடி அறையில் வாத்தியாரையும் சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். படம் பளிச்சென்று இருந்தது, கையுறையின் தையல்கூடத் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிப் படம் பத்து விநாடி நின்றது. அதைக்கூட மன்னிக்கலாம். நான்காவது சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் "விழுந்துட்டான்" என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. எங்கள் திரையில் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அரை நிமிடத்துக்கும் மேலான அந்தத் தாமதத்தால், பணம் கட்டியும் ஆறு பேரும் நடந்து முடிந்த செய்தியைத்தான் படமாகப் பார்த்தோம்.

சந்தாவை நிறுத்தப் போனபோது இன்னொன்று தெரிந்தது. 'மாதச் சந்தா' என்று நான் நினைத்தது உண்மையில் மாதத் தவணையில் கட்டும் ஆண்டுச் சந்தாவாம். நிறுத்து என்று அழுத்தினால், ஆண்டு முடிந்ததும் நிற்கும் என்று நன்றியோடு பதில் வருகிறது. சேரும்போது அதைச் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை, அது என் தவறு. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது; 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும் என்பதால் அந்தக் குறுஞ்செய்தியைக் கவனித்துப் படிப்பது நல்லது. நானும் அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான் வங்கியின் செயலிக்குள் போய் அனுமதியை ரத்து செய்தேன். அன்றிலிருந்து அந்த நிறுவனத்திடமிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் வருகிறது, வரவர மரியாதை குறைகிறது.

இதோடு ஒப்பிட்டால் நெட்ஃப்ளிக்ஸ் மலிவு. 2024 நவம்பரில் டைசனும் ஜேக் பாலும் மோதியதையும், 2025 செப்டம்பரில் அல்வாரெஸைக் கிராஃபோர்டு வென்றதையும் சந்தாவுக்கு மேல் ஒரு காசும் வாங்காமல் காட்டினார்கள். அப்போது இங்கே கைப்பேசிக்கான திட்டம் 149 ரூபாய்தான். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் ஓட்ட முடியாது, ஆறு பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். மேலும் அங்கே இத்தகைய பெரிய சண்டைகள் ஆண்டுக்குச் சிலதான் வருகின்றன. மற்ற மாதங்களில் குத்துச்சண்டை ரசிகன் என்ன செய்வான்?

சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்களின் பெயர் சொல்லி வளர்ந்த வட சென்னையில் இன்றும் பிள்ளைகள் மோதுகிறார்கள். அந்தச் சண்டைகளை யாராவது ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையில் காட்டுகிறார், படம் ஆடுகிறது, முன்னால் நிற்பவரின் தலை பாதி மேடையை மறைக்கிறது. கட்டணம் கிடையாது, ஆனால் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லும்போது அந்தப் பையன் எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியும்.

இனி அந்தச் செயலிக்குத் திரும்புவதாக இல்லை. அடுத்த பட்டப் போட்டி தனிக் கட்டணத்தில் மட்டும், சந்தா இல்லாமல் எங்காவது கிடைத்தால் ஆறு பேரும் ஆளுக்கு 300 ரூபாய் வரை போடுவதாகப் பேசியிருக்கிறோம். என் அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த முறை வாத்தியாரின் மகன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், பொடி எழுத்தைப் படிக்க அவன் தங்கையை உட்காரவைக்கப் போகிறோம்.