கம்பெனி பதிவுக்கு ஏஜென்ட்டிடம் போகிறவர்கள் கவனத்துக்கு: டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அவரிடமே விட்டுவிட்டு வராதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் சிறு தொழில் நடத்துகிறவர்கள், அதை பிரைவேட் லிமிடெட் ஆக்கும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஏஜென்ட்டைப் பாருங்கள். எங்களை ஒருவர் நன்றாக ஏமாற்றிவிட்டார். ஆள் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர் எப்படிச் செய்தார் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதே வழியில் வேறு ஆட்களும் செய்கிறார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன்.

நானும் மச்சானும் செக்கு எண்ணெய் ஆட்டுகிறோம். ஆலை கேரளத்தில், வாங்குகிற கடைகள் பெரும்பாலும் கோயம்புத்தூரில். கம்பெனி பெயரில் பில் கொடுத்தால் மாதாமாதம் சரக்கு எடுக்கிறோம் என்று ஒரு பெரிய கடைக்காரர் சொன்னதால்தான் பதிவுக்கே இறங்கினோம். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்ற எங்கள் நிலைமை அந்த ஏஜென்ட்டுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

முதலில் அவர் சொன்னது இது: "மலையாளப் பேப்பரெல்லாம் கம்பெனி ஆபீஸ்ல தள்ளிடுவாங்கண்ணா. கோயம்புத்தூர் அட்ரஸ் போட்டுக்கலாம், எங்க ஆபீஸ் அட்ரஸையே தர்றேன்." சுத்தப் பொய். கேரளத்தில் அலுவலகம் வைக்கும் கம்பெனிகளைப் பதிவு செய்ய எர்ணாகுளத்தில் கம்பெனிப் பதிவாளர் இருக்கிறார். பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில்லோ அதுபோன்ற வேறு பில்லோ வேண்டும், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும், வாடகை இடமென்றால் ஒப்பந்தமும் வேண்டும். கேரள மின்வாரியமான கேஎஸ்இபியின் பில் இதற்குத் தாராளமாகப் போதும். கேரளத்தில் முத்திரைத்தீர்வை தமிழ்நாட்டைவிட அதிகம் என்று அவர் சொன்னது மட்டும் உண்மை. அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க அலுவலகத்தையே அடுத்த மாநிலத்தில் காட்டுவது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பதை அவர் வாயே திறக்கவில்லை.

வில்லங்கம் என்னவென்றால், பதிவாளர் அனுப்பும் தபால் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகும். அதாவது அவர் கடைக்கு. பிறகு அலுவலகத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற, 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் போட்டு, ஆங்கிலப் பத்திரிகையிலும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்கும் மாநிலத் தலைமைச் செயலருக்கும் அறிவிப்பு அனுப்பி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைச் சான்றிதழில் உள்ள 21 இலக்க அடையாள எண்ணே காட்டிவிடும். ஏழாவது, எட்டாவது இடத்தில் உள்ள இரண்டு எழுத்தைப் பாருங்கள். கேஎல் என்றால் கேரளம், டிஎன் என்றால் சென்னைப் பதிவாளர், டிஇசட் என்றால் கோயம்புத்தூர்ப் பதிவாளர். எங்களுடையதில் டிஇசட் இருந்தது.

அடுத்தது பில். பச்சை மையில் கையால் எழுதிக் கொடுத்தார். "அரசுப் பதிவுக் கட்டணம்" என்று ஒரு வரி, "ஜிஎஸ்டி அரசுக் கட்டணம்" என்று ஒரு வரி, "உத்யம் கட்டணம்" என்று இன்னொரு வரி (உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு). மூன்றும் கிடையாது! அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் மொத்த மதிப்பு) 15 லட்சம் வரை இருந்தால் மத்திய அரசுக்குப் பதிவுக் கட்டணமே இல்லை. பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000 ரூபாய், மாநில முத்திரைத்தீர்வை, பான் எண்ணுக்கும் வரிப் பிடித்தத்துக்கான டான் எண்ணுக்கும் சிறு தொகை, டிஜிட்டல் கையெழுத்துக்கான செலவு, இவ்வளவுதான். ஜிஎஸ்டி பதிவும் உத்யம் பதிவும் முழுக்க இலவசம். வேலை செய்கிறவர் தனக்குக் கூலி கேட்பது நியாயம், அதை யாரும் மறுக்கவில்லை. அதை அரசுக் கட்டணம் என்று எழுதி வாங்குவதுதான் திருட்டு. அரசுக்குக் கட்டியதாகச் சொல்லும் ஒவ்வொரு தொகைக்கும் சலான் கேளுங்கள்.

பெரிய அடி டோக்கனில் விழுந்தது. டைரக்டராகிறவருக்கு டிஜிட்டல் கையெழுத்து எடுத்து, பென் டிரைவ் மாதிரி ஒரு சிறு யுஎஸ்பி டோக்கனில் போட்டுத் தருவார்கள். எங்கள் இருவருடைய டோக்கனையும் அவரே வைத்துக்கொண்டார். "இங்கேயே இருக்கட்டும்ணா, ஒவ்வொரு தடவையும் நீங்க எதுக்கு அலையணும்?" என்று அக்கறையாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தை அடுத்தவன் மேஜையில் வைத்துவிட்டு வருவதும் இதுவும் ஒன்று. அந்த டோக்கனும் அதன் பாஸ்வேர்டும் இருந்தால் உங்கள் பெயரில் எந்தப் படிவத்திலும் கையெழுத்து விழும். அதோடு, ஸ்பைஸ் பிளஸ் என்ற கம்பெனிப் பதிவுப் படிவத்தில் கம்பெனியின் மின்னஞ்சல் என்ற இடத்தில் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அரசிடமிருந்து வந்த நினைவூட்டல் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

சான்றிதழ் வந்தது, பான் வந்தது, வேலை முடிந்தது என்றார். முடியவில்லை. பங்கு மூலதனம் உள்ள புதுக் கம்பெனி, பதிவான 180 நாளுக்குள் ஐஎன்சி 20ஏ என்ற படிவத்தைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். பங்குக்குச் சம்மதித்தவர்கள் பணத்தைக் கம்பெனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்ற உறுதிமொழி அது. அதைத் தாக்கல் செய்யாமல் வியாபாரம் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், டைரக்டர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1,000 வீதம் 1 லட்சம் வரை. முதல் 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

கெடு தாண்டிய பிறகு அவரே போன் செய்தார். லட்சக்கணக்கில் பெனால்டி வரும், 40,000 கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன், அதுவரை டோக்கனைத் தர முடியாது என்றார். பாலக்காட்டில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனிச் சட்ட வேலைகளுக்கென்றே தகுதி பெற்றவராக இருக்கும் ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தோம். எங்கள் மூலதனத்துக்கு அந்தப் படிவத்தின் சாதாரணக் கட்டணம் வெறும் 300 ரூபாய். தாமதத்தைப் பொறுத்து அதன் இரண்டு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை கூடுதல் கட்டணம், அதையும் இணையத்திலேயே கட்டலாம். அபராதம் விதிப்பதாக இருந்தால் அதை அதிகாரி உத்தரவு போட்டு விதிப்பார், நடுவில் ஒருவர் "பேசி முடிக்கிற" சங்கதியே அதில் இல்லை. அந்த அம்மா சொன்னபடி பழைய டிஜிட்டல் கையெழுத்துகளை ரத்து செய்யக் கேட்டு, புதியவை எடுத்து, படிவத்தைத் தாக்கல் செய்தோம். 40,000 கொடுக்கவில்லை. முகவரி மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் படிவங்களுக்குத் தொழில் செய்கிற சார்ட்டர்டு அக்கவுன்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுன்டன்ட் போன்ற ஒருவர் சான்றளிக்க வேண்டும். எங்களுடையதில் சான்றளித்தவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஏஜென்ட் வெறும் இடைத்தரகர். நேராக அந்தத் தகுதி உள்ளவரிடமே போங்கள், உறுப்பினர் எண்ணைக் கேட்டு அவர்களுடைய சங்கத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

கம்பெனிதான் வேண்டுமா என்பதையும் அந்தத் தகுதி உள்ளவரிடமே கேளுங்கள். வியாபாரமே நடக்காவிட்டாலும் கம்பெனிக்கு வருடா வருடம் ஆடிட் உண்டு. ஏஓசி 4 (வருடக் கணக்கு), எம்ஜிடி 7ஏ (வருடாந்திர விவரம்) படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. மூன்று வருடம் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் டைரக்டர் தகுதியே ஐந்து வருடத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரில் பலருக்கு உரிமையாளர் பெயரில் ஜிஎஸ்டி எடுத்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம். ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார், அவருக்கு அதில் வருமானம் இல்லை.

ஏற்கெனவே பதிவு செய்தவர்கள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் உங்கள் கம்பெனியின் விவரத்தை எடுத்து, முகவரியும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். டோக்கன் வேறு யாரிடமாவது இருந்தால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். தர மறுத்தால், டிஜிட்டல் கையெழுத்துச் சான்றை வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம், பச்சை மை பில்லாக இருந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.