ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுகிறீர்களா? அளவை எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் இன்ஜின் கட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஜே.சி. ரோட்டுப் பக்கம் இருக்கும் எத்தனையோ லேத் கடைகளில் அதுவும் ஒன்று. நல்ல வேலைக்காரர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள், அதனால் ஏரியாவை வைத்து யாரையும் ஒதுக்காதீர்கள்.

வண்டி அப்பா வாங்கிய மாருதி எஸ்டீம் கார். 1.3 லிட்டர், 16 வால்வு, போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. இன்ஜின் பிளாக் அலுமினியம், துளைகளுக்கு உள்ளே வார்ப்பிரும்பு லைனர் (உள்சுவர்). சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் அதை ஓட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. அதற்காகவே அரை மில்லி ஓவர்சைஸில், அதாவது 74.50 போருக்கு, ஃபோர்ஜ்டு (உலோகத்தை அடித்து உருவாக்கிய) பிஸ்டன் செட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்கவரியோடு சேர்த்து 70,000 ரூபாய் ஆனது. போரிங் (துளையைப் பெரிதாக்குவது), ஹோனிங் (கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது), அசெம்பிளி எல்லாம் சேர்த்துக் கடைக்கு 46,000. அதில் 'டார்க் (torque) பிளேட் ஹோனிங்' என்று தனியாக 6,000 போட்டிருந்தார்கள், அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

கொடுக்கும்போதே பிஸ்டன் பெட்டிக்குள் இருந்த அளவுத் தாளைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே 0.07 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. "பார்த்துட்டேன் சார், இருபது வருஷமா இதே வேலைதான்" என்று பதில் வந்தது. நானும் நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருந்த நேரம். ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஓனர் பானெட் மேல் கையை வைத்து, "சத்தமே இல்ல பாருங்க, கம்பெனி இன்ஜின் மாதிரி" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அந்த அமைதியே கோளாறின் அடையாளம் என்று அன்று எனக்குத் தெரியாது. இந்த வகை ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்குச் சரியான இடைவெளி விட்டால், குளிர்ந்த இன்ஜினில் முதல் ஒன்றிரண்டு நிமிஷம் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதிச் சுவர்) போரில் தட்டுகிற 'டக டக' சத்தம் கொஞ்சமாவது கேட்கும், சூடு ஏறினால் நின்றுவிடும். என் வண்டியில் அது துளிகூட இல்லை.

ரன்னிங்-இன் (புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) ஒழுங்காகவே செய்தேன். 340 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரைத் தாண்டி, சூளகிரி பக்கம் கொஞ்சம் வேகம் எடுத்தேன், நாலாவது கியரில் 4,500 ஆர்.பி.எம். இருக்கும். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. கிளட்சை மிதித்ததும் இன்ஜின் நின்றுவிட்டது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது, ஆயில் விளக்கும் எரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே விலகிப் போனார். பக்கத்தில் மனைவி இருந்தார். அந்த இடத்தில் எங்கள் உயிர் தப்பியதே பெரிது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "ஆயில் சரியில்ல" என்றார்கள். அவர்கள் சொன்ன ஆயிலைத்தான், அவர்களிடமே வாங்கி ஊற்றியிருந்தேன். அப்புறம் "ட்யூனிங் லீன்" (பெட்ரோல் குறைவாகப் போகிறது), கடைசியில் "நீங்க அவசரப்பட்டு அடிச்சிட்டீங்க". பிரித்துப் பார்க்கக் கூப்பிட்டால் அதற்கும் லேபர் கேட்டார்கள். அவர்களிடம் திரும்பக் கொடுக்காமல் பீன்யாவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் சின்ன மெஷின் ஷாப்புக்கு டோ பண்ணிக் கொண்டு போனேன். இந்தப் பதிவில் இருக்கும் அறிவெல்லாம் அவர் போட்ட பிச்சை.

அவர் அன்றைக்கே எதையும் அளக்கவில்லை. பிளாக்கையும் பிஸ்டனையும் கழுவித் துடைத்து ஒரே மேஜையில் ராத்திரி முழுக்க வைத்தார். "ரெண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும் தம்பி, இல்லன்னா அளவு பொய் சொல்லும்" என்றார். மறுநாள் மைக்ரோமீட்டரை ஸ்டாண்டர்டு கட்டையில் ஸீரோ பார்த்து, பிஸ்டனை அளந்தார். பிஸ்டன் பார்க்க உருண்டையாக இருந்தாலும் அது முழு வட்டம் இல்லை, பின் (pin, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) போகிற திசையில் ஒடுங்கியிருக்கும், மேலே கிரீடத்தில் இன்னும் சிறுத்திருக்கும். அதனால் பின்னுக்குக் குறுக்கே, தாளில் சொன்ன உயரத்தில் மட்டும்தான் அளக்க வேண்டும். அதிகம் அடிபடாத நாலாம் பிஸ்டன் 74.43 காட்டியது. அதே மைக்ரோமீட்டரில் போர் கேஜை (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) செட் பண்ணி, ஒவ்வொரு போரிலும் மேலே, நடுவே, கீழே, இரண்டு திசையிலும் இறக்கினார். முள் ஆடி நிற்பதை என்னையே படிக்கச் சொன்னார். 74.46, 74.46, 74.45, 74.47.

அதாவது இடைவெளி 0.03 மி.மீ. கேட்டது 0.07.

எப்படி வந்தது இந்த 0.03? எஸ்டீமின் கம்பெனி பிஸ்டனுக்கு மேனுவலில் இருக்கும் அளவு 0.02 முதல் 0.04 வரை. கடைக்காரர்கள் வழக்கமாகப் போடுகிற கணக்கையே போட்டு, பிஸ்டனை அளந்து, அதோடு 0.03 கூட்டிப் போரை முடித்திருக்கிறார்கள். ஆனால் என் பிஸ்டனில் பெட்டி மேல் எழுதியிருந்த 74.50 என்பது போர் அளவு, இடைவெளியைக் கழித்துத்தான் பிஸ்டனையே 74.43-க்குச் செய்திருக்கிறார்கள். போரை 74.50-ல் நிறுத்தியிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். தாளைப் படித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிகிற விஷயம் இது.

கம்பெனி பிஸ்டனுக்கு ஒத்துவருவது இதற்கு ஏன் ஒத்துவராது என்றால், உலோகம் வேறு. என்னுடையது 2618 என்கிற அலாய், அதில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் வரும் இன்னொரு அலாயான 4032-ல் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருப்பதால் அது குறைவாக விரியும், இடைவெளியும் குறைவாகக் கொடுக்கலாம். 74.5 மி.மீ. பிஸ்டனில் 100 டிகிரி ஏறினால் விட்டம் 0.16 மி.மீ.க்கு மேல் கூடும். வார்ப்பிரும்பு லைனர் அதே சூட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான் விரியும், அதுவும் லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் அது பிஸ்டன் அளவுக்குச் சூடாவதே இல்லை. 0.03 அங்கே எந்த மூலைக்கு?

பிஸ்டன்களைக் கையில் எடுத்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஸ்கர்ட்டில் பின்னுக்கு இருபுறமும் நாலு மூலையிலும் செங்குத்தாக உரசிப் போயிருந்தன, அலுமினியம் இழுபட்டுப் போர் சுவரில் வெள்ளி மாதிரி ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் இப்படி இருந்தால் இடைவெளி குறைவு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார் பெரியவர். இன்னொன்றும் செய்தார். அடிபடாத இடத்தில் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தார், துணி சாம்பல் நிறத்தில் வந்தது. ஹோனிங் கல்லின் பொடி. சோப்புத் தண்ணீரில் கழுவாமலேயே அசெம்பிள் செய்திருக்கிறார்கள்.

டார்க் பிளேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாக்கின் மேல் மூடும் ஹெட்டின் போல்ட்டை முறுக்கும்போது போர் லேசாக நெளியும், அதனால் ஹெட்டுக்குப் பதில் ஒரு தடித்த பிளேட்டை அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி வைத்து ஹோன் செய்வார்கள். அந்தப் பிளேட்டைக் காட்டுங்கள் என்று கடைக்கே நேரில் போய்க் கேட்டேன். ஒன்றை எடுத்து வந்து போட்டார்கள். கையோடு கொண்டு போயிருந்த என் ஹெட் கேஸ்கெட்டை அதன் மேல் விரித்து வைத்தேன். ஒரு போல்ட் துளைகூடப் பொருந்தவில்லை. 6,000 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்றதற்கு ஓனர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

நீங்கள் கொடுக்கும்போது தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நாலு பிஸ்டன், நாலு போர், எட்டு அளவையும் தாளில் எழுதி, எந்தப் பிஸ்டன் எந்தப் போருக்கு என்று நம்பர் போட்டு, கையெழுத்து வாங்குங்கள். அசெம்பிளிக்கு முன்னால் உங்கள் கண் முன்னே போர் கேஜை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் பிளாக்கை இறக்காதீர்கள். ரிங் கேப்பும், அதாவது பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும், அதே தாளில் வர வேண்டும் (எனக்கு மேல் ரிங்குக்கு 0.33 மி.மீ. வைத்தோம்). கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருந்தால் களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள், இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 என்பது பொதுவாக வைக்கிற குறைந்தபட்ச அளவு. அப்புறம் பில். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், பிறகு கடைக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஆன்லைனில் மனு போட்டேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தத் தாளின் போட்டோவும், நீல டிக்கும், பெரியவர் கையெழுத்திட்ட அளவுகளும்தான் என் ஆதாரம்.

மறுபடி ஹோன் செய்து போர் 74.50-க்கு வந்தபோது சுவரில் இருந்த உரசல் முழுக்கப் போய்விட்டது, அதுமட்டும் நல்ல காலம். பிஸ்டன் மறுபடியும் ஒரு முழு செட் வாங்க வேண்டியிருந்தது. இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிஷம் 'டக டக' என்று கேட்கிறது, எனக்கு அதைக் கேட்டால்தான் நிம்மதி. உரசிப்போன பழைய பிஸ்டன்கள் நாலும் அல்சூரில் என் வீட்டில்தான் இருக்கின்றன. இன்ஜின் கட்டக் கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், காட்டுகிறேன்.